சாரலுக்கு ஒரு கூரை

(மலைநடையில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்காகத் தென்காசியில் ஓர் ஆனி மாத மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் உள்ள வெளியில் இரண்டு கூடாரம் அடித்திருக்கிறோம். ஒன்று பச்சை, ஒன்று சாம்பல் நிறம். இரண்டிலும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கூடாரத்துக்கு இரண்டு தம்பிகள் வீதம் உட்காரவைத்து, ஜிப்பை மூடியாகிவிட்டது. நான் பேசி முடிக்கும்வரை அவர்கள் உள்ளேதான் இருக்கப்போகிறார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. நான் சொல்வதற்கெல்லாம் அந்தச் செய்தித்தாள்தான் சாட்சி.

மழைக்காலத்தில் தங்க, முதுகில் சுமக்க, லேசான கூடாரம் எது என்று கேட்டுப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: எந்த மழைக்கு?

நம் ஊருக்கு இரண்டு மழை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் பக்கமிருந்து வருகிற மழை கனத்த மழை. மேலிருந்து நேராகக் கொட்டும். இரண்டு நாள் விடாமல் அடைத்துக்கொண்டு பெய்யும். ஆனி, ஆடி, ஆவணியில் வருவது வேறு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே இறங்கிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலை தணிந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியே காற்று பாய்ந்து வரும்போது மிஞ்சிய மேகத்தைப் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டே வருகிறது. அதைத்தான் சாரல் என்கிறோம். சொட்டு சிறியது. வருவது பக்கவாட்டில். கொஞ்ச நேரம் வெயில், கொஞ்ச நேரம் தூறல், மறுபடி வெயில். நனைய விட்டாலும் காயவிடாது.

அந்தக் காற்றின் வேகம் எப்படிப்பட்டது என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் இந்த மாதத்தில் நின்று பாருங்கள். கிழக்கே பார்த்த வாசல். உள்ளே நுழைகிறவன் முகத்தில் மேற்கேயிருந்து வருகிற காற்று அறைகிறது. வெளியில் சாதாரணமாக வீசுகிற காற்றே அந்தக் குறுகலான வழிக்குள் புகுந்ததும் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. கணவாய் வேலை செய்வதும் இப்படித்தான். காற்றாலை போடுகிறவர்கள் தமிழ்நாட்டில் தேடிப் போன கணவாய்கள் ஆரல்வாய்மொழி, பாலக்காடு, கம்பம், அப்புறம் நம் செங்கோட்டை. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் நிற்கிற காற்றாடிகளைச் சுற்றவைக்கிற அதே காற்றில்தான் நீங்கள் கூடாரம் அடிக்கப் போகிறீர்கள்.

ஆகவே குற்றாலத்துச் சீசனில் கூடாரத்தை நனைக்கிற ஈரம் மூன்று வழியாக வருகிறது. காற்றோடு பக்கத்திலிருந்து வருகிறது. ஊறிப்போன மண்ணிலிருந்து ஏறி வருகிறது. மூன்றாவது உள்ளிருந்தே வருகிறது. அந்த மூன்றாவதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. நானும் ஓர் இரவு முழுக்க நனைந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டேன்.

என் அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். கித்தானை முழம் போட்டு வெட்டி, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு, பித்தளை வளையம் அடித்துக் கயிறு கோத்துக் கொடுப்பார். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் புளியரை வழியாக மலையேறிக் கேரளம் போகிற வண்டிகளுக்கு அவர் தைத்த படுதா நிறையப் போயிருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு கூடாரம் வாங்கினோம். ஒற்றைத் துணிதான். ஆனால் ஒரு பொட்டுத் தண்ணீர் புகாது என்று கடையில் சொன்னார்கள். உண்மையிலேயே புகாத துணிதான். மேக்கரைப் பக்கம் நண்பன் ஒருவனுடைய தோப்பில் ஆடி மாத இரவொன்றில் படுத்தோம். காற்றுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இறுக்கி மூடினோம். நடுராத்திரி விழித்தபோது தலைமாட்டில் துணி ஈரம், போர்வை ஈரம், கையை மேலே நீட்டினால் துணியில் முத்து முத்தாகத் தண்ணீர். காற்று ஒரு உலுக்கு உலுக்கினால் அத்தனையும் எங்கள்மேல் தெறித்தது. ஏமாந்துபோனோம் என்று நினைத்து, விடிந்ததும் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா முன்னால் போட்டேன்.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். தையல் ஓரமாக விரலை ஓட்டினார். ஒரு குடம் தண்ணீர் எடுத்துத் துணியைத் தொட்டில் மாதிரிப் பிடிக்கச் சொல்லி ஊற்றினார். கீழே ஒரு சொட்டு விழவில்லை. "ஏல, துணி ஒழுகல. ராத்திரி பூரா நீங்க விட்ட மூச்சுதாம்ல இது" என்றார். வெங்காயம் ஏற்றின வண்டிக்குப் படுதாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் லோடு வேர்த்துப்போகும், அதனால் பின்பக்கம் ஒரு சாண் தூக்கி விட்டுத்தான் கட்டவேண்டும் என்று அவர் டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அதுவரை நூறு தடவை கேட்டிருக்கிறேன். வெங்காயத்துக்குச் சொன்னதை எங்களுக்கும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

தூங்குகிற ஒரு மனிதன் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீரை ஆவியாக விடுகிறான். இரண்டு பேர் என்றால் இரண்டு டம்ளர். நனைந்த சட்டையும் காலுறையும் உள்ளே கிடந்தால் அதற்கு மேலும். சாரல் நாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, இன்னும் ஈரம் ஏற்க அதில் இடம் குறைவு. சாரல் பட்டுக் கூடாரத்துணி குளிர்ந்திருக்கிறது. உள்ளே உள்ள வெதுவெதுப்பான ஆவி அந்தக் குளிர்ந்த துணியில் பட்டதும் நீராகிறது. மோர்ச் செம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதற்குக் காரணம் எதுவோ அதே காரணம். தண்ணீர் புகாத துணி, தண்ணீரை வெளியேயும் விடாது.

இதனால்தான் நம் மழைக்கு இரட்டைக் கூடாரம் வாங்குங்கள் என்று சொல்கிறேன். மேலே தண்ணீர் புகாத மேல்துணி. அதற்குள் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்குகிற உள்கூடு. உள்கூட்டின் மேற்பகுதி கொசுவலை மாதிரி வலையாகவோ மெல்லிய துணியாகவோ இருக்கும். ஆவி வலையைத் தாண்டிப் போய் மேல்துணியில் நீராகி, அதன் உள்பக்கமாகவே வழிந்து தரைக்குப் போய்விடும். உங்கள் தோளும் காலும் வலையில்தான் உரசும், ஈரத்துணியில் உரசாது. வேர்ப்பது நிற்காது. அது உங்கள்மேல் விழாமல் இருக்கும். ஒற்றைத் துணிக் கூடாரம் முந்நூறு நானூறு கிராம் குறைவாக இருக்கும் என்பதற்காக அதை வாங்குகிறவர்கள், இரண்டாம் நாள் காலையில் நனைந்த போர்வையைச் சுமக்கும்போது அந்த லாபத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மேல்துணியில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அது தரைக்கு எவ்வளவு அருகில் இறங்குகிறது. தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி நிற்கிற மேல்துணி வெயில் ஊருக்கு நல்லது. சாரல் அந்த ஒரு முழத்துக்குள் நேராகப் புகுந்து வலையைத் தாண்டி உங்கள் முகத்துக்கு வரும். நான்கு விரற்கடை போதும். இரண்டாவது, உச்சியில் காற்றுவழி இருக்கிறதா. கீழே நுழைகிற காற்று மேலே போக வழி வேண்டும். நம் பழைய வீடுகளில் அடுக்களைக்கு மேலே ஓட்டைப் பிரித்துப் புகைக்கு வழி வைத்திருப்பார்களே, அப்படி. அந்தக் காற்றுவழிக்கு மேலே சின்னக் குடை மாதிரி ஒரு மடிப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சாரல் அதன் வழியாகவும் வரும். மழை பெய்கிறதே என்று அதை மூடிவிடாதீர்கள். மழை பெய்யும்போதுதான் அது திறந்திருக்க வேண்டும்.

வாசலுக்கு முன்னால் மேல்துணி நீண்டு ஒரு மறைப்பு விடும். நான் அதைத் திண்ணை என்றுதான் சொல்வேன், அதன் வேலை அதுதான். நனைந்த செருப்பு, மழைக்கோட்டு, ஈரப்பை எல்லாம் அங்கேதான் கிடக்கவேண்டும். திண்ணை இல்லாத கூடாரத்தில் ஈரத்தை உள்ளே கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை. கூடாரத்தின் வாலைக் காற்றுக்குக் காட்டி, வாசலைக் கிழக்கே பார்க்க வையுங்கள். நம் கோபுரத்தைக் கட்டினவர்கள் காட்டின திசைதான்.

அட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். மழைக்காலத்து மலையில் அட்டை இல்லாத பாதை கிடையாது. உப்பு, மூக்குப்பொடி, சோப்பு என்று காலுக்கு எதைத் தடவினாலும், தூங்கும்போது காக்கிறது தரையோடு சேர்த்துத் தைத்த வலைதான். கம்பை நட்டு ஒரு விரிப்பை மட்டும் கட்டிக்கொண்டு படுக்கிறவர்களைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்துவிட்டு இங்கே முயற்சி செய்யாதீர்கள். அங்கே அது எடை குறைக்கும் வழி. இங்கே விடியும்போது கணுக்காலெல்லாம் ரத்தமாக இருக்கும்.

இனி அந்த எண்கள். கூடாரத்தோடு வருகிற சீட்டில் 1500 மி.மீ., 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பலர் அதை மழையளவு என்று நினைக்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அதாவது 950 மி.மீ. பெய்தது. தென்தமிழ்நாடே மிதந்தது. அப்படியானால் 1500 மி.மீ. துணி காயல்பட்டினத்து மழையையும் தாங்குமா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அந்த மில்லிமீட்டர் வேறு. துணியை ஒரு குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, அதன்மேல் தண்ணீரை உயர்த்திக்கொண்டே போவார்கள். எந்த உயரத்தில் துணியில் துளிகள் கசிகின்றனவோ அந்த உயரம்தான் சீட்டில் உள்ள எண். 1500 என்றால் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர்ப் பாரம். மேலே சாய்வாக நிற்கிற துணியில் விழுந்து உருள்கிற சொட்டுக்கு அவ்வளவே போதும். அப்பா அன்றைக்குக் குடத்தை வைத்துச் செய்ததும் சின்ன அளவில் இந்தச் சோதனைதான்.

தரைத்துணிக்குக் கணக்கு வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழங்காலிட்டு உட்காருகிறார், இரண்டு முழங்காலும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டரில் தரையை அழுத்துகின்றன என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம். அது ஆறு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், சீட்டின் கணக்கில் 6000 மி.மீ. அடியில் மண் சொதசொதவென்று இருந்தால் அந்த ஈரம் மேலே ஏறத்தான் பார்க்கும். மேலே குறைந்த எண் இருந்தாலும் கீழே 3000க்குக் குறையாமல் இருக்கட்டும். படுக்கைக்கு அடியில் பாய் விரித்தால் பாரம் பரந்துபோகும். தரைத்துணியின் ஓரம் தாம்பாள விளிம்பு மாதிரி ஒரு சாண் மேலேறியிருக்க வேண்டும். அதற்கடியில் இன்னொரு பிளாஸ்டிக் விரிப்புப் போடுவதானால், கூடாரத்தின் அளவைவிட அது கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மேலே வழிகிற தண்ணீரையெல்லாம் வாங்கி உங்கள் அடியில் சேர்க்கும். நிறையக் கூடாரங்களுக்குள் வருகிற வெள்ளம் இதுதான்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், அது எங்கள் குடும்பத் தொழில்.

அப்பா காலத்துக் கித்தான் பருத்தி. பருத்தி நனைந்தால் நூல் பருத்து இறுகும். ஊசி போன துளையைத் தையல்நூலே ஊதி அடைத்துக்கொள்ளும். கயிறும் நனைந்தால் சுருங்கி இழுக்கும், அதனால் மழை வருமுன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள். நைலான் இதற்கு நேர் எதிர். நனைந்தால் தண்ணீரைக் குடித்து நீளும். சாயங்காலம் முரசுத்தோல் மாதிரி இழுத்துக் கட்டின நைலான் கூடாரம் இரண்டு மணி நேரச் சாரலில் தொய்ந்து, உள்கூட்டோடு ஒட்டிக்கொண்டு, நான் சொன்ன அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கிவிடும். நடுராத்திரி எழுந்துபோய் இழுகயிற்றை மறுபடி முறுக்கவேண்டும். பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறையக் குடிப்பதே இல்லை, ஆகவே தொய்வதும் மிகக் குறைவு. ஒரே எடைக்கு நைலான் வலுவானது, கிழிசலை நன்றாகத் தாங்கும். உண்மை. ஆனால் நாள் முழுக்க விட்டுவிட்டு நனைகிற குற்றாலத்துக்கு, சிலிக்கோன் பூசின பாலியெஸ்டரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

நூலின் பருமனுக்கு டெனியர் என்று ஒரு கணக்கு. 9000 மீட்டர் நூல் 20 கிராம் இருந்தால் அது 20 டெனியர். லேசான கூடாரங்கள் 15, 20 டெனியரில் வருகின்றன. சேலை மாதிரி மெல்லியது, பார்க்கவே பயமாக இருக்கும். மேல்துணிக்கு அது போதும். முள்ளும் கல்லும் இருக்கிற நம் தரைக்கு அடித்துணி இன்னும் கனமாக இருந்தால் நல்லது.

பூச்சிலும் வித்தியாசம் இருக்கிறது. விலை குறைந்த கூடாரங்களில் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அதன்மேல் தையலுக்கு நாடா ஒட்ட முடியும் என்பதால் தையல் வழியே ஒழுகாமல் கடையிலிருந்தே வருகிறது. ஆனால் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், ஒரு புளித்த வாடை வரும், அப்புறம் செதில் செதிலாக உரியும். நம் ஊர் தட்பவெப்பம் இதற்கென்றே செய்த மாதிரி. இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசின துணி நீண்டநாள் உழைக்கும். அதில் நாடா ஒட்டாது, தையல்களுக்கு நீங்களே சிலிக்கோன் பசை தடவவேண்டும். ஒரு மத்தியான வேலை. பொறுமையாகச் செய்தால் ஒரு துளையும் மிஞ்சாது. 1992ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் ஜெயித்த படகின் பாய்களோடு பேர்பெற்ற இன்னொரு துணி இருக்கிறது. வலுவான இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டினது. இன்று டைனீமா கலப்புத்துணி என்று கூடாரமாக விற்கிறார்கள். நனையாது, தொய்யாது, தக்கை மாதிரி இருக்கும். விலை ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கும் முன்பணம் அளவுக்குப் போகும். தொழில்காரனாக அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். உங்களை வாங்கச் சொல்லமாட்டேன்.

கம்புகளில் அலுமினியக் கம்பு வாங்குங்கள். கண்ணாடியிழைக் கம்பு கனம், காற்றில் வளைந்து வளைந்து ஒருநாள் சிம்பு சிம்பாகப் பிளக்கும், கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம். நடைக்கோலையே கம்பாக வைத்து நிறுத்துகிற கூடாரங்கள் எடையை நன்றாகக் குறைக்கின்றன. கோல் ஊன்றி நடக்கிற பழக்கம் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கடையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: மேல்துணியை முதலில் கட்ட முடியுமா? பெரும்பாலான கூடாரங்களில் உள்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல் மேல்துணியைப் போர்த்தவேண்டும். மழையில் அதைச் செய்து பாருங்கள். வலை மேல்பகுதி வழியாகச் சாரல் உள்ளே இறங்கி, நீங்கள் படுக்கவேண்டிய இடத்தில் குளம் கட்டியிருக்கும். காற்றில் மேல்துணி கையைவிட்டுப் பறந்தால் அதைப் பிடிக்க ஓடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மேல்துணி முதலில் நிற்கிற கூடாரம் என்றால் வெறும் கூரையை முதலில் நிறுத்தி, அதற்கடியில் பையோடு புகுந்து, நிதானமாக உள்கூட்டைத் தொங்கவிடலாம். காலையில் பிரிக்கும்போதும் உள்கூட்டைக் காய்ந்தபடியே மடித்து எடுத்துவிட்டு, நனைந்த கூரையைக் கடைசியில் சுருட்டித் தனிப் பையில் போடலாம். நம் ஊரில் வீடு கட்டுகிறவன் கூரை போடுமுன் பாய் விரிப்பதில்லை.

இந்த அறிவெல்லாம் புதிதா என்றால், இல்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற நேரம். காட்டுக்குள், ஆற்றோரத்தில், பிள்ளைகுட்டி, சட்டிபானையோடு குடில் கட்டித் தங்குவார்கள். புலிகள் காப்பகம் என்பதால் இப்போது நாட்கள் குறைக்கப்பட்டிருக்கின்றன, பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அது சரியானதுதான். முன்பு பல நாள் தங்கினவர்கள் கட்டின குடில்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மேட்டில் இடம் பிடிப்பார்கள். மேற்கே பார்த்த பக்கத்தைச் சாக்கும் ஓலையும் வைத்து அடைத்து, கிழக்கைத் திறந்து விடுவார்கள். கூரையைச் செங்குத்தாகச் சாய்ப்பார்கள். அடுப்பு குடிலின் வாயில் இருக்கும், புகை உள்ளே சூழாது, ஈரமும் தங்காது. மூன்று ஈரத்தையும் எண்ணிக் கட்டின குடில்கள் அவை. பாபநாசம் மலையில் காணிகளும், வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலைகளில் பளியர்களும் மழையை இன்னும் நெருக்கமாக அறிந்தவர்கள். பளியர்கள் மழைக்குப் பாறைப் பொடவுகளில் ஒதுங்கினவர்கள். எந்தப் பாறைக்கடியில் காற்று திரும்பாது, எங்கே தண்ணீர் வழியாது என்று தெரிந்தவனுக்குத் துணியே தேவைப்படவில்லை. சுமக்காத கூரையைவிட லேசான கூரை எது?

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதையில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கொண்டுபோகவில்லை. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை ஒன்றை வைத்திருந்தார், தானே தைத்த துணிப்பை ஒன்றில். வயக்காட்டில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நட்ட நம் ஆச்சிகளை நினைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றிப் படித்தேன்.

அந்தப் பாட்டியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எடையைக் குறைப்பதில் உங்களுக்கு ஆசை இருக்கிறது, எனக்கும் உண்டு. மலையேறுகிறபோது ஒவ்வொரு கிராமும் முட்டியில் தெரியும். ஆனால் தராசில் காய்ந்த கூடாரத்தைத்தான் நிறுக்கிறார்கள். நீங்கள் சுமக்கப்போவது நனைந்த கூடாரத்தை. தண்ணீர் குடித்த மேல்துணி அரைக் கிலோ வரைகூடக் கூடிவிடும். உதறினால் பாதி போகும். நிறுக்க முடிந்தால் வீட்டில் ஒருமுறை நனைத்து உதறி நிறுத்துப் பாருங்கள், இரண்டு கூடாரங்களில் எது உண்மையில் லேசானது என்பது அப்போது மாறலாம். இரண்டு பேருக்கான இரட்டைக் கூடாரம் ஆளுக்கு ஒரு கிலோவுக்குள் அமைந்தால் நம் மலைக்கு அது போதும். அதற்கும் கீழே குறைக்க வேண்டுமென்றால் பையைத் திறந்து பாருங்கள். மூன்றாவது ஜீன்ஸ், கண்ணாடிப் புட்டி, பெரிய பவர் பேங்க். கூடாரத்தில் குறைக்கவேண்டிய எடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முளைகளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரச் செம்மண்ணில் விரல் நீள முளை நிற்காது. ஒரு சாண் நீளம், மூன்று பட்டை உள்ளது எட்டு இருக்கட்டும். பாறையில் கல்லைக் கட்டுங்கள்.

இனி எங்கே அடிப்பது. இதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, முதலில் யோசிக்கவேண்டியது இதுதான்.

செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலைநடை போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு பதிவு செய்து போகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல வாசல். கூடாரம் அடிக்க மேக்கரை, கண்ணுப்புளிமெட்டு, குண்டாறு பக்கத்துப் பட்டாத் தோப்புகள் இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுத் தங்குங்கள்.

தோப்பிலும் கவனம் வேண்டும். தென்னைக்கடியில் அடிக்காதீர்கள். மழையில் ஊறின ஒரு மட்டை விழுந்தால் எந்தத் துணியும் தாங்காது, தலையும் தாங்காது. வடகரை, மேக்கரைப் பக்கம் யானை தோப்புக்குள் இறங்குகிறது. வாழைப்பழமோ பலாச்சுளையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அன்றைக்கு யானை நடமாட்டம் உண்டா என்று தோப்புக் காவல்காரரிடம் கேளுங்கள். உண்டு என்று அவர் சொன்னால் அன்று கூடாரம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட, ஓடை. மழையில்லாத நேரத்தில் ஓடை மணலில், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டு தூங்க ஆசையாகத்தான் இருக்கும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் வந்தது. மேலே காட்டில் பெய்த மழை. ஒரு சிறுவன் உயிர்போனான். கூட்டமும் காவலும் இருந்த இடத்தில், பகலில், விழித்திருந்தவர்களுக்கு அது நடந்தது. நீங்கள் ராத்திரி ஜிப்பை மூடிக்கொண்டு படுத்திருப்பீர்கள். சிற்றாற்றுக்கு வருகிற எந்த ஓடையும் மேலே பெய்கிற மழையைக் கீழே நின்றுகொண்டிருப்பவனுக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. கரையில் செத்தையும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். போன வெள்ளம் அங்கே வரை வந்தது என்று அர்த்தம். அதற்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இடம் தேடுங்கள். ஐப்பசி அடைமழை என்றால் இந்தக் கணக்கும் உதவாது, வீட்டில் இருங்கள். நான் இவ்வளவு நேரம் பேசினது சாரலுக்கான கூடாரத்தைப் பற்றி. அடைமழைக்குக் கூடாரம் என்று ஒன்று இல்லை.

திரும்பி வந்ததும் கூடாரத்தை அப்படியே பரணில் போடாதீர்கள். சீசன் நேரத்தில் தென்காசியில் ஒரு துணி காய்வது பெரிய பாடு என்று தெரியும். மின்விசிறிக்கடியில் கொடி கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சோப்புத்தூள் போட்டுத் துவைக்காதீர்கள், வெறும் தண்ணீரில் மண்ணைக் கழுவுங்கள். உச்சி வெயிலிலும் வேண்டாம், வெயில் இழையைத் தின்னும். நன்றாகக் காய்ந்த பிறகு உறைக்குள் திணிக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். அப்பா தைத்த ஒரு தார்ப்பாய் இருபது வருஷம் கழித்து ஒரு வண்டியில் பார்த்தேன். கித்தான் அங்கங்கே ஒட்டுப்போட்டு நின்றது. அவர் சொன்னபடி காயவைத்தேதான் மடிப்போம் என்றார் அந்த வண்டிக்காரர்.

சரி. தம்பிகள் உள்ளே உட்கார்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது. பச்சை ஒற்றைத் துணி, சாம்பல் இரட்டைத் துணி. இரண்டையும் இந்தச் சாரலில்தான் அடித்தோம், பச்சையை ஒரே துணியாக, சாம்பலைக் கூரை முதலில் நிறுத்தி. குடை வேண்டாம், பத்தடிதான். முதலில் பச்சையைத் திறப்போம். உள்ளே கையை நீட்டி மேலே தொட்டுப் பாருங்கள், பிறகு தாளை எடுத்துப் பிழிந்து பாருங்கள். அப்புறம் சாம்பலுக்குப் போவோம்.